1828: ஸ்காட்லாந்தின் ஊதுலைகளுக்குள் சூடான காற்று நுழைந்த ஆண்டு

1828 செப்டம்பர் 11 அன்று, கிளாஸ்கோ எரிவாயு ஆலையின் மேலாளர் ஜேம்ஸ் போமான்ட் நீல்சன் ஒரு காப்புரிமை பெற்றார். ஸ்காட்லாந்துக்கான உரிமை அக்டோபர் 1 அன்று கிடைத்தது. சாரம் சின்னது: துருத்தியாலோ வேறு ஊதும் பொறியாலோ காற்றூட்டும் எந்த நெருப்பானாலும், காற்றை உள்ளே விடுவதற்கு முன் வேறொரு பாத்திரத்தில் சூடாக்கிவிட வேண்டும். கொல்லன் உலையிலிருந்து இரும்பு உருக்கும் ஊதுலை வரை எல்லாமே இதற்குள் அடங்கும்.

1830-ல் ஸ்காட்லாந்தின் வார்ப்பிரும்பு உற்பத்தி சுமார் 37,500 டன். 1840களின் நடுவில் அது 4 லட்சம் டன்னைத் தாண்டியிருந்தது. சூடான காற்று எரிபொருள் செலவை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்துவிட்டது என்று வரலாற்று நூல்கள் ஒரே வரியில் சொல்லி முடித்துவிடும். தவறில்லை. ஆனால் அந்த ஒரு வரிக்குள் மூன்று தனித்தனி மாற்றங்கள் இருக்கின்றன: காற்றின் சூடு, அந்த நாட்டு நிலக்கரியின் குணம், அந்த நாட்டுத் தாதுவின் குணம். மூன்றையும் பிரித்துப் பார்த்தால்தான், அதே காப்புரிமை இங்கிலாந்தில் ஓரளவுக்கும் ஸ்காட்லாந்தில் தலைகீழ் மாற்றமாகவும் ஏன் வேலை செய்தது என்பது விளங்கும்.

குளிர்ந்த காற்றே நல்லது என்ற நம்பிக்கை

ஊதுலையின் மேல்வாயில் தாது, கல்கரி (சுட்டு ஆவிப்பொருள் நீக்கிய நிலக்கரி), சுண்ணாம்புக்கல் மூன்றையும் அடுக்கடுக்காகக் கொட்டுவார்கள். அடியில் மூக்குக்குழாய்கள் வழியே காற்று அழுத்தத்தோடு நுழையும். கல்கரி எரிந்து கார்பன் மோனாக்சைடு ஆகும். அந்த வாயு மேலே ஏறும்போது தாதுவிலிருக்கும் ஆக்சிஜனைப் பறித்துக்கொள்ளும். பிரிந்த இரும்பு உருகி அடியில் தேங்கும், தாதுவின் மண்ணும் சுண்ணாம்பும் உருகிச் சேர்ந்த கசடு அதன்மேல் மிதக்கும்.

உலைக்காரர்கள் தலைமுறைகளாகப் பார்த்த ஒன்று உண்டு. குளிர்காலத்தில் உலை நன்றாக ஓடும், இரும்பும் நன்றாக வரும். கோடையில் கரி அதிகம் தின்னும், இரும்பு தரம் குறையும். ஆகவே காற்று எவ்வளவு குளிர்ச்சியோ அவ்வளவு நல்லது என்று முடிவு கட்டினார்கள். காற்றுத் தொட்டிகளுக்கு வெயில் ஏறாமலிருக்க வெள்ளையடித்தார்கள். காற்றைக் குளிர்ந்த நீரின் மேல் ஓடவிட்டார்கள். சில இடங்களில் குழாயைச் சுற்றிப் பனிக்கட்டி வைத்தார்கள்.

அவர்கள் கண்டது சரி. சொன்ன காரணம்தான் பிழை. ஊதும் எந்திரம் ஒவ்வொரு அடிக்கும் ஒரே கன அளவு காற்றைத்தான் தள்ளும். 0 டிகிரி செல்சியஸில் இருக்கும் காற்று, 20 டிகிரியில் இருக்கும் காற்றைவிட சுமார் 7 சதவீதம் அடர்த்தி கூடியது. அதனால் குளிர்காலத்தில் ஒவ்வொரு அடிக்கும் ஆக்சிஜன் கூடுதலாகப் போகிறது. அதைவிட முக்கியம் ஈரம். ஸ்காட்லாந்தின் கோடைக் காற்றில் கன மீட்டருக்கு 10 கிராம் நீராவியும் குளிர்காலக் காற்றில் 4 கிராமும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஓர் உலைக்கு மணிக்கு ஏறக்குறைய 6 டன் காற்று போகிறது என்று அபெர்டீன் வேதியியல் பேராசிரியர் தாமஸ் கிளார்க் அக்காலத்திலேயே கணக்கிட்டார். அது சுமார் 5,000 கன மீட்டர். அப்படியென்றால் கோடையில் மணிக்கு 50 கிலோ தண்ணீரும் குளிர்காலத்தில் 20 கிலோவும் உலையின் நெஞ்சுக்குள் ஊதப்படுகின்றன. நீராவி சூடான கரியோடு வினைபுரிந்து ஹைட்ரஜனாகவும் கார்பன் மோனாக்சைடாகவும் மாறும்போது ஒரு கிலோவுக்கு 7 மெகாஜூலுக்கு மேல் வெப்பத்தை விழுங்கும். எங்கே சூடு மிக மிக வேண்டுமோ அங்கேயே விழுங்கும். கோடை உலையின் சீக்கு இதுதான்.

நீல்சன் இரும்புத் தொழிலுக்கு வெளியே இருந்து வந்தவர். எரிவாயுவைச் சுண்ணாம்பால் சுத்திகரிப்பதுபோல் உலைக்குப் போகும் காற்றையும் சுத்திகரிக்க முடியுமா என்று ஓர் ஆலை உரிமையாளர் கேட்டபோதுதான் இந்தக் கேள்வி அவர் கைக்கு வந்தது. கோடைக் காற்றில் கந்தகம் இருக்கிறது என்பது கேட்டவரின் சந்தேகம். நீல்சன் ஈரத்தைச் சந்தேகித்தார், சுட்ட சுண்ணாம்பு நிரப்பிய நீண்ட சுரங்கத்தின் வழியே காற்றை உலர்த்தி அனுப்பலாம் என்றார். அந்த யோசனை அவர் காலத்தில் நடைமுறைக்கு வரவில்லை, ஆனால் காரணத்தைச் சரியாகத் தொட்டிருந்தது. அமெரிக்காவில் ஜேம்ஸ் கெய்லி 1904-ல் காற்றைக் குளிர்பதன முறையில் உலர்த்தி ஊதிக் காட்டியது இதே நோக்கத்தில்தான்.

அடுத்த கேள்வி ஸ்காட்லாந்தின் மியூர்கர்க் இரும்பாலையிலிருந்து வந்தது. அங்கே ஊதும் எந்திரம் உலையிலிருந்து அரை மைல் தள்ளி இருந்தது. குழாயின் நீளத்தில் காற்றின் வேகம் செத்துவிடுகிறது, என்ன செய்யலாம் என்றார்கள். உலைக்குப் பக்கத்தில் காற்றைச் சூடாக்கினால் விரிந்து கன அளவு கூடும், இழப்பு ஈடாகும் என்று நீல்சன் எண்ணினார். இந்த வாதம் வலுவற்றது. விரிந்த காற்றில் ஆக்சிஜனின் எடை ஒரு துளியும் கூடுவதில்லை. ஆனால் அவர் வாதத்தோடு நிற்காமல் செய்து பார்த்தார். எரிவாயு விளக்குக்குச் சூடான காற்றைக் கொடுத்தபோது சுடர் கூடுதல் பிரகாசமாக எரிந்தது. கொல்லன் உலையிலும் அப்படியே. தவறான எதிர்பார்ப்போடு தொடங்கிய சோதனை அவருக்குச் சரியான விடையைக் கொடுத்தது. அந்த விடையை நம்பிப் பின்தொடர்ந்ததில்தான் அவருடைய பெருமை இருக்கிறது.

சூடு எப்படிச் சேமிப்பாகிறது

மூக்குக்குழாய்க்கு எதிரே கரி முழுமையாக எரிவதில்லை, கார்பன் மோனாக்சைடாக நின்றுவிடுகிறது. ஒரு கிலோ கார்பன் இப்படி எரிந்தால் கிடைப்பது சுமார் 9 மெகாஜூல். கார்பன் டை ஆக்சைடாக முழுதும் எரிந்தால் சுமார் 33 மெகாஜூல். ஆக ஊதுலையின் அடியில் கரி தரும் வெப்பம், வெளியே சாதாரண அடுப்பில் அதே கரி தரக்கூடியதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

ஒரு கிலோ கார்பனை மோனாக்சைடாக எரிக்க ஏறக்குறைய 5.8 கிலோ காற்று வேண்டும். அந்தக் காற்றை 300 டிகிரி செல்சியஸ் கூடச் சூடாக்கினால் அது கொண்டுவரும் வெப்பம் சுமார் 1.7 மெகாஜூல். ஒன்பதோடு ஒன்றே முக்கால் சேர்ந்தால் என்ன பெரிய மாற்றம் என்று தோன்றலாம். ஆனால் இரும்பும் கசடும் உருகி ஓட 1,400 டிகிரிக்கு மேல் வேண்டும். அந்த வரம்புக்குக் கீழே இருக்கும் வெப்பம் எவ்வளவு இருந்தாலும் உருக்குவதற்கு உதவாது. குளிர்ந்த காற்றில் எரியும் சுடர் இந்த வரம்பைச் சிறிதளவே தாண்டுகிறது. காற்றோடு வரும் கூடுதல் வெப்பம் முழுவதும் வரம்புக்கு மேலே போய்ச் சேருவதால், உருக்கப் பயன்படும் வெப்பம் பலமடங்கு விகிதத்தில் கூடுகிறது.

அதன்பின் சேமிப்பு ஒன்றையொன்று இழுத்துவருகிறது. கரி குறைந்தால் அதை எரிக்கும் காற்றும் குறையும். காற்று குறைந்தால் மேல்வாய் வழியே வெளியேறும் சூடான வாயு குறையும், அதோடு போகும் வெப்பமும் குறையும். கரியின் சாம்பல் குறைவதால் அதைக் கசடாக்கப் போடும் சுண்ணாம்புக்கல்லும் குறையும். காற்றைச் சூடாக்கும் அடுப்பில் எரியும் கரியோ முழுதும் எரிகிறது. உலையில் போட முடியாத தூள்கரியே அதற்குப் போதும்.

கிளைடு ஆலையின் கணக்கு

உலையில் கைவைக்க யாரும் எளிதில் விடவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் உலை உறைந்துபோனால் நட்டம் பெரியது. கடைசியில் கிளைடு இரும்பாலையின் காலின் டன்லப் இடம் கொடுத்தார். அவரும், டண்டைவன் ஆலையின் ஜான் வில்சனும், மழைக்கோட்டுத் துணியால் பெயர் பெற்ற சார்லஸ் மேக்கின்டாஷும் காப்புரிமையில் பங்காளிகள் ஆனார்கள். மேக்கின்டாஷ் எரிவாயு ஆலையின் தாரை வாங்கி வந்தவர். நீல்சனோடு பழக்கம் அப்படி வந்திருக்க வேண்டும்.

முதலில் வைத்தது 4 அடி, 3 அடி, 2 அடி அளவுள்ள தேனிரும்புப் பெட்டி (தேனிரும்பு என்பது கரியை நீக்கி, அடித்து வளைக்கத்தக்கதாக்கிய இரும்பு). அடியில் அடுப்பு. காற்று 200 டிகிரி ஃபாரன்ஹீட் வரை, அதாவது 93 டிகிரி செல்சியஸ் வரை சூடேறியது. பிறகு வார்ப்பிரும்பு உருளை, அதன்பின் நீண்ட குழாய் வரிசை. 1830-ல் 300 ஃபாரன்ஹீட், 1833-க்குள் 600 ஃபாரன்ஹீட், அதாவது சுமார் 315 செல்சியஸ்.

கிளார்க் பதிவுசெய்த எண்களைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 20 அந்தர் ஒரு டன். 1829-ன் முதல் ஆறு மாதத்தில் குளிர்ந்த காற்றில், ஒரு டன் இரும்புக்கு 8 டன் 1¼ அந்தர் நிலக்கரியைக் கல்கரியாக்கிப் போட்டார்கள். 1830-ன் முதல் ஆறு மாதத்தில் அது 5 டன் 3¼ அந்தராக இறங்கியது. காற்றைச் சூடாக்கிய 8 அந்தரைச் சேர்த்தால் சுமார் 5.56 டன். 1833-ன் முதல் பாதியில் கல்கரியே இல்லை, பச்சை நிலக்கரி 2 டன் 5¼ அந்தர், சூடாக்க 8 அந்தர், மொத்தம் 2 டன் 13¼ அந்தர்.

முதல் படியில் மிச்சம் 2.5 டன். இரண்டாம் படியில் சுமார் 2.9 டன். பாதிக்கு மேற்பட்ட சேமிப்பு, கல்கரி சுடுவதை விட்டுவிட்ட பிறகே வந்தது என்பதை இந்த எண்கள் காட்டுகின்றன.

உற்பத்தியும் ஏறியது. 1829-ல் மூன்று உலைகள் வாரத்துக்கு சுமார் 111 டன் கொடுத்தன, 1830-ல் அதே மூன்றும் 162 டன். 1833-ல் அதே ஊதும் எந்திரம் நான்கு உலைகளுக்குக் காற்று கொடுத்தது, இரும்பு 245 டன். பெருக்கிப் பார்த்தால் 1829-ல் வாரத்துக்கு 895 டன் நிலக்கரி எரிந்த இடத்தில், 1833-ல் இரண்டு மடங்குக்கு மேல் இரும்பு வந்தும் எரிந்தது 650 டன் அளவுதான்.

உருகிய மூக்கு, விரிசல்விட்ட குழாய்

காப்புரிமை ஆவணம் கொல்லன் உலைக்கு 1,200 கன அங்குலப் பாத்திரமும் வார்ப்படசாலை உலைக்கு 10,000 கன அங்குலப் பாத்திரமும் போதும் என்றது. அதாவது 20 லிட்டரும் 164 லிட்டரும். பாத்திரத்தின் வடிவம் எதுவானாலும் விளைவு மாறாது என்றும் எழுதியிருந்தார். அந்த வாக்கியம் பின்னால் நீதிமன்றத்தில் அவரைத் துரத்தியது. ஏனெனில் நடைமுறையில் எல்லாமே வடிவத்தில்தான் இருந்தது.

பெட்டிக்குள் போகும் காற்றில் சுவரை ஒட்டிய பகுதி மட்டும் சூடேறும், நடுவில் போவது குளிர்ந்தபடியே வெளியேறும். சூட்டைக் கூட்டினால் பெட்டியின் அடித்தகடு செதில் செதிலாகத் துருவேறி ஓட்டையாகும். ஆகவே சிறிய விட்டமுள்ள பல குழாய்கள் தேவைப்பட்டன. 3 மீட்டர் வார்ப்பிரும்புக் குழாய் 500 டிகிரி சூடானால் 16 மில்லிமீட்டர் நீளும். இரு முனையையும் கட்டிப்போட்டால் குழாய் வெடிக்கும், அல்லது மூட்டுக் கழன்று காற்று கசியும். மூட்டுகளை இரும்புத் துருவல், நவச்சாரம், கந்தகம் கலந்த பூச்சால் அடைப்பது அக்கால வழக்கம். அது இறுகிக் கல்லாகும், ஆனால் அசைவைத் தாங்காது. தீர்வு குழாயின் வடிவத்தில் கிடைத்தது. அடுப்பின் இரு பக்கமும் தரையில் இரண்டு பெரிய குழாய்கள், அவற்றை இணைத்து நெருப்புக்கு மேலே வில்லாக வளைந்த சிறு குழாய்கள். நீளும்போது வளைவு சற்று விரிந்து கொடுக்கும், மூட்டில் இழுவிசை விழாது.

இன்னொரு ஆபத்து, இரும்பை வெளியே விடும் நேரத்தில் காற்றை நிறுத்துவது. குழாயின் உட்சுவரைக் குளிர்வித்துக்கொண்டிருப்பது ஓடும் காற்றுதான். அது நின்றால் குழாய் சிவக்கும், வளையும். அடுப்பின் இழுவையை முதலில் அடைத்துவிட்டு அதன்பிறகே காற்றை நிறுத்த வேண்டும்.

சூட்டை அளக்கக் கருவி தேவைப்படவில்லை. காற்றுக்குழாயில் உள்ள சிறு துளையில் ஈயக் கம்பியைக் காட்டுவார்கள். ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும். உருகினால் சூடு போதும்.

உலைப்பக்கத்தில் நேர்ந்த சிக்கல் இதைவிடக் கடுமையானது. குளிர்ந்த காற்றில், மூக்குக்குழாயின் நுனியில் கசடு உறைந்து ஓர் உறைபோலப் படிந்து நுனியைக் காத்துவந்தது. சூடான காற்றில் அந்த உறை நிற்கவில்லை, நுனி எரிந்து உருகியது. பிளேர் ஆலையின் ஜான் காண்டி செய்த தீர்வு, தேனிரும்புக் குழாயைச் சுருளாக்கி அதைச் சுற்றி வார்ப்பிரும்பை ஊற்றி மூக்கைச் செய்வது. சுருளுக்குள் எப்போதும் தண்ணீர் ஓடும். இந்த மூக்கு வந்ததால் ஊதுகுழலுக்கும் மூக்குக்கும் நடுவே முன்பு விட்டிருந்த இடைவெளியைக் களிமண்ணால் அடைக்கவும் முடிந்தது, வீணாய்த் திரும்பிவந்த காற்று மிச்சமானது. தண்ணீர் ஓட்டம் தடைபட்டாலோ சுருளில் உப்புப் படிந்தாலோ ஓட்டை விழும். தண்ணீர் உலைக்குள் போய் அடியைக் குளிர்வித்துவிடும். அதனால் வெளியேறும் தண்ணீரைக் கண்ணுக்குத் தெரியும்படி விழவிட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பதுதான் பாதுகாப்பு.

ஸ்காட்லாந்தின் கரி, ஸ்காட்லாந்தின் தாது

ஸ்காட்லாந்தில் நிலக்கரியைத் திறந்த வெளியில் குவித்துக் கல்கரியாக்கினார்கள். எடையில் ஏறக்குறைய 55 சதவீதம் அதில் போய்விடும். 8 டன் நிலக்கரியில் தேறுவது 3.6 டன் கல்கரிதான். நல்ல கல்கரி தரும் நிலக்கரி உள்ள இங்கிலாந்துப் பகுதிகளில் இழப்பு இவ்வளவு இல்லை. பிறகு ஏன் பச்சை நிலக்கரியை நேராகப் போடவில்லை? குளிர்ந்த காற்றில், கரியிலிருந்து ஆவியாகும் பொருள்களை விரட்டவே வெப்பம் செலவாகி உலை தணிந்துபோகும்.

1831-ல் கால்டர் ஆலையில் வில்லியம் டிக்சன் சூடான காற்றோடு பச்சை நிலக்கரியைப் போட்டுப் பார்த்தார், உலை ஓடியது. லனார்க்‌ஷயரின் ஸ்பிளின்ட் என்ற நிலக்கரி கெட்டியானது. சூட்டில் வீங்கி ஒட்டிக்கொள்ளாது, மேலிருக்கும் எடையில் நொறுங்காது. உலைக்குள் துண்டு துண்டாகவே நின்று வாயுவுக்கு வழிவிடும். ஒட்டும் குணமுள்ள நிலக்கரியை அப்படியே போட்டால் உலையின் குறுக்கே பாலம் கட்டிக்கொண்டு நிற்கும், திடீரென்று சரிந்து விழும்.

தாதுவின் கதை 1801-ல் தொடங்குகிறது. ஓல்டு மங்க்லாண்ட் பகுதியில் கரிப்பொருள் கலந்த ஒரு கறுப்புக் கல்லை டேவிட் மஷெட் நல்ல இரும்புத்தாது என்று இனங்கண்டார். பிளாக்பேண்ட் என்று பெயர். அதுவரை அதை உதவாத கரி என்று ஒதுக்கிவந்தார்கள். குவித்துக் கொஞ்சம் நிலக்கரியால் பற்றவைத்தால், தன்னுள் இருக்கும் கரியைக்கொண்டே தானாக வறுபடும். வறுத்தபின் எடையில் பாதிக்கு மேல் இரும்பு. ஆனால் குளிர்ந்த காற்று உலையில் மற்றத் தாதுக்களோடு சிறிதளவே கலக்க முடிந்தது. சூடான காற்று அந்தத் தடையை நீக்கியது. கால் நூற்றாண்டுக்கு மேல் பெரும்பாலும் தொடப்படாமல் கிடந்த படிவங்கள் மதிப்புப் பெற்றன.

தாதுவும் கரியும் கோட்பிரிட்ஜ் சுற்றுவட்டாரத்தில் ஒரே மண்ணுக்குள் இருந்தன. மங்க்லாண்ட் கால்வாய் ஏற்கெனவே கிளாஸ்கோவுக்குப் போனது, 1826-ல் மங்க்லாண்ட் அண்டு கர்கின்டில்லக் ரயில்பாதை வந்தது. விவசாயக் குடும்பத்திலிருந்து வந்த பேர்டு சகோதரர்கள் கார்ட்‌ஷெர்ரியில் 1830 மே மாதம் முதல் உலையை ஏற்றினார்கள். 1843-ல் அங்கே 16 உலைகள்.

வழக்கு

நீல்சனின் முறையைப் பயன்படுத்த, இரும்பு டன்னுக்கு ஒரு ஷில்லிங் உரிமத்தொகை. மிச்சமாகும் நிலக்கரியின் விலையோடு ஒப்பிட்டால் அற்பம். ஆனாலும் பேர்டுகள் கட்டுவதை நிறுத்தினார்கள், வேறு பலரும் சேர்ந்து எதிர்த்தார்கள். நீல்சன் ஒரு பொதுத் தத்துவத்துக்கு உரிமை கேட்கிறார், கருவி எதையும் சொல்லவில்லை என்பது அவர்கள் வாதம். 1841-ல் இங்கிலாந்தில் ஹார்ஃபர்டு என்ற இரும்பாலைக்காரர் மீது நடந்த வழக்கில் நீதிபதி பார்க், தத்துவம் தெரிந்த ஒன்றாகவே வைத்துக்கொண்டாலும் அதைப் பயன்படுத்தும் முறைக்கு உரிமை உண்டு என்ற முடிவுக்கு வந்தார். காப்புரிமைச் சட்டத்தில் இன்றும் எடுத்தாளப்படும் தீர்ப்பு அது. 1978-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம்கூட அதை விவாதித்தது.

1843-ல் எடின்பரோவில் பேர்டுகளுக்கு எதிராக ஜூரி 11,876 பவுண்டு இழப்பீடு தீர்ப்பளித்தது. பத்து ஆண்டுகளில் சூடான காற்று இரும்பால் அவர்கள் ஈட்டிய லாபம் 2,60,000 பவுண்டு என்று அவ்வழக்கில் ஒப்புக்கொள்ளப்பட்டது. காப்புரிமையின் 14 ஆண்டுகள் அதற்கு முன்பே முடிந்துவிட்டிருந்தன.

அந்த இரும்பின் குணம்

உலையின் அடி கூடுதலாகச் சூடேறினால் மணலிலிருந்து சிலிக்கானும் இரும்பில் ஏறும். சிலிக்கான் கூடிய இரும்பு சாம்பல்நிறம், மென்மை, உருகினால் தண்ணீராய் ஓடி அச்சின் நுணுக்கமெல்லாம் நிரப்பும். குழாய், அடுப்பு, கைப்பிடிச்சுவர், தூண் வார்க்க இதைவிட நல்லது கிடையாது. ஸ்காட்லாந்தின் வார்ப்படசாலைகள் இதில்தான் செழித்தன. தேனிரும்பாக மாற்ற மட்டும் அது அவ்வளவு உகந்ததல்ல. யார்க்‌ஷயரின் லோ மூர் ஆலை உயர்தர இரும்புக்காகக் குளிர்ந்த காற்றையே தொடர்ந்தது.

வெளிநாட்டில் இதன் பலன் வேறொரு எரிபொருளில் தெரிந்தது. வேல்ஸின் இனிஸ்கெட்வினில் ஜார்ஜ் கிரேன் 1837-ல் சூடான காற்றோடு ஆந்த்ரசைட் என்ற, ஆவிப்பொருள் மிகக் குறைந்த கெட்டி நிலக்கரியை எரித்து இரும்பு எடுத்தார். அங்கே வேலைசெய்த டேவிட் தாமஸ் 1840-ல் பென்சில்வேனியாவில் அதையே செய்தார். வார்ப்பிரும்புக் குழாய் தாங்கக்கூடிய சூட்டின் எல்லையை, எட்வர்டு கூப்பர் 1857-ல் காப்புரிமை பெற்ற செங்கல் அடுப்பு உடைத்தது. இன்றைய ஊதுலைகள் 1,100 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடான காற்றோடு ஓடுவது அந்த வழியில்தான்.

ஸ்காட்லாந்துக்கு நெருக்கடி தாதுவின் வழியாக வந்தது. தாதுவில் இருக்கும் பாஸ்பரஸ் முழுவதும் ஊதுலையில் இரும்புக்குள் போய்விடும், எதைச் செய்தும் கசடில் தள்ள முடியாது. 1856-ல் வந்த, இரும்பை எஃகாக்கும் பெஸ்ஸமர் முறையின் உலைச்சுவர் பாஸ்பரஸை நீக்காது. பிளாக்பேண்டிலிருந்து எடுத்த இரும்பில் அது அதிகம், எஃகு நொறுங்கியது. பாஸ்பரஸை நீக்கும் தாமஸ்–கில்கிறிஸ்ட் முறை 1870களின் இறுதியில்தான் வந்தது, அதற்குள் பிளாக்பேண்ட் படிவங்களே வற்றிக்கொண்டிருந்தன. 1872-ல் தொடங்கிய ஸ்டீல் கம்பெனி ஆஃப் ஸ்காட்லாந்து எஃகு செய்யும் வேறு வகையான சீமென்ஸ் உலைகளை நம்பியது. கிளைடு ஆற்றங்கரைக் கப்பல்களுக்கான எஃகுத் தகடு, பெரும்பகுதி ஸ்பெயினிலிருந்து வந்த பாஸ்பரஸ் குறைந்த தாதுவில் உருவானது.